புதுப்பிப்பு: தண்டையார்பேட்டைத் தங்கையும் கிளாட் தேர்வும்

தமிழ் வழியில் படிக்கும் என் தங்கைக்கு கிளாட் (தேசிய சட்டப் பல்கலைகளுக்கான பொது நுழைவுத்தேர்வு) சரிப்படுமா, இல்லை நேராக அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கே போய்விடலாமா என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். இரண்டும் என்று முடிவாகிவிட்டது. கிளாட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று. பல்கலையின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அதை அப்புறம் பார்ப்போம்.

கிளாட்டில் பயமெல்லாம் ஆங்கிலம்தான். 120 கேள்வி, 120 நிமிடம்; கணக்கைக்கூடப் பத்தி படித்துத்தான் போட வேண்டும். தப்புக்குக் கால் மதிப்பெண் கழிவு வேறு. முதல் மாதிரித் தேர்வில் 71ஆம் கேள்வியிலேயே நேரம் முடிந்தது. இப்போது தினமும் காலையில் அடுப்படியில் உட்கார்ந்து ஆங்கிலத் தலையங்கம் ஒன்று. அம்மா ஒரு ஈடு இட்லி எடுப்பதற்குள் படித்துவிட்டுத் தமிழில் மூன்று வரியில் சொல்ல வேண்டும். முதல் வாரம் இட்லி வெந்தது, தலையங்கம் வேகவில்லை. போன ஞாயிறு மாதிரித் தேர்வில் 98ஆம் கேள்வி வரை வந்துவிட்டாள்.

 

கிளாட்டில் கிடைத்தால் திருச்சி தேசிய சட்டப் பல்கலை என்கிறாள். அம்மாவுக்கு விடுதி என்றாலே முகம் சுருங்குகிறது. அம்பேத்கர் பல்கலையின் கீழ் வரும், திருவள்ளூர் பக்கத்துப் பட்டரைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரி என்றால் வீட்டிலிருந்தே போய் வரலாமாம். தினமும் போய் வருகிறவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று சொல்லுங்கள்.