மறு: ஃபீட்பேக்குக்கு இரண்டு சொல் தேவை (சனிக்குள்)

கோவை கிட்டார்காரன் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

நாங்கள் நான்கு பேர், ஹார்ட் ராக் வாசிக்கிறோம், பாட்டு தமிழில். மாடி அறையில் பதிவு செய்து ஒவ்வொரு பதிவையும் அளவு பார்த்துச் சேர்த்து லேப்டாப்பில் நானே மிக்ஸ் செய்தேன். ஞாயிறு மாலை இருபது பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டப் போகிறோம். கேட்டுவிட்டு எழுதித் தர ஒரு பக்கத் தாள் தயார் செய்திருக்கிறேன். தலைப்பு 'மிக்ஸ் பற்றி உங்கள் பின்னூட்டம்'. மூன்றாம் கேள்வி, 'இரண்டாம் சரணத்துக்குப் பின் வரும் பின்னூட்டம் அதிகமா, அளவா?' அந்த இடத்தில் நான் ஆம்புக்கு (ஸ்பீக்கரோடு சேர்ந்த பெருக்கி) நேரே கிட்டாரைப் பிடித்து நின்று, கம்பியைத் தானாகக் கத்த விட்டிருக்கிறேன்.

தாளை டிரம்மரின் அம்மாவிடம் காட்டினேன். "பாட்டு முடியறதுக்குள்ள யாருப்பா கருத்து சொன்னது?" என்றார்.

இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். 'மிக்ஸு'க்கும் ஏதாவது இருந்தால் நல்லது. சனிக்கிழமை அச்சு.

மதுரை இயற்பியல் எழுதியது:

பின்னூட்டம் எங்கள் சொத்து. பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பி ஊட்டுவது என்று பாடநூலில் இருந்த சொல்லை வலைப்பதிவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கிட்டாரில் நடப்பதும் அச்சு அசல் அதுதான். ஸ்பீக்கர் ஒலி கம்பியை அதிரவைக்கிறது, கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப் அந்த அதிர்வை மின்சாரமாக்கி மறுபடி ஆம்புக்கு அனுப்புகிறது. ஒரு சுற்றுக்குப் பெருக்கம் 1 என்ற அளவைத் தொட்டு, அதாவது ஒலி குறையாமல் திரும்பி, அலையின் கட்டமும் (ஏற்ற இறக்கம்) ஒத்துவந்தால் அப்புறம் நிற்காது. டென்மார்க்கின் சோரன் லார்சன் பெயரில் லார்சன் விளைவு என்றும் சொல்வதுண்டு. ஆகவே மூன்றாம் கேள்வியில் கை வைக்காதீர்கள். தலைப்பில் 'கருத்து' போடுங்கள், வேலை முடிந்தது.

தஞ்சை ஆசிரியன் எழுதியது:

முடியவில்லை. 'உண்' தன்வினை, 'ஊட்டு' பிறவினை. யார் யாருக்கு ஊட்டுகிறார்கள்? கம்பி ஆம்புக்கா, ஆம்பு கம்பிக்கா? தவிரவும் ஊட்டுதலுக்குச் சாயம் ஏற்றுவது என்றும் பொருள் உண்டு; காலுக்குச் செம்பஞ்சு ஊட்டுவதில்லையா? அப்படிப் பார்த்தால் கேட்டவர் சொன்ன கருத்து பாட்டின் நிறத்தை மாற்றுகிறது, எனவே பின்னூட்டம் அதற்கும் பொருந்தும்.

'மிக்ஸு'க்குக் கலவை என்று மட்டும் எழுதாதீர்கள் தம்பி, கொத்தனார் வந்து நிற்பார். கலப்பு என்றால் கலப்படம். செம்புலப் பெயல்நீரை நினையுங்கள். கலந்தபின் மண் எது, மழை எது என்று பிரிக்க முடியாது. 'இயைபொலி' சரிப்படும்.

கோவை கிட்டார்காரன் எழுதியது:

ஐயா, பிரிக்க முடியாததுதான் என் வியாதியே. இரண்டு கிட்டாரும் பேஸும் 200லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ரிதம் கிட்டாரை இரண்டு தடவை வாசித்து ஒன்றை இடக்கோடியிலும் இன்னொன்றை வலக்கோடியிலும் வைத்தேன், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். அப்படியும் கிக் டிரம் அட்டைப்பெட்டியை உதைத்ததுபோல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தக் கோளாறுக்கே சேறு என்றுதான் பெயர். செம்புலம் பொருந்துகிறது, நீங்கள் நினைத்த காரணத்துக்கு அல்ல. இதையும் தாளில் கேட்க வேண்டும். 'சேறாக இருக்கிறதா?' என்று எழுதலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

சேறு வேண்டாம். 'கலங்கலாக இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா' என்று எழுதுங்கள், கிணற்றுத் தண்ணீர் அள்ளிய எவருக்கும் விளங்கும். நாங்கள் இங்கே பள்ளிக்கூடங்களில் பாவிப்பது 'பின்னூட்டல்'. ஊட்டம் என்றால் போசாக்கு என்றுதான் முதலில் விளங்கும்.

விருதுநகர் மைக்செட் எழுதியது:

முப்பது வருடமாகத் திருவிழாவுக்கு மைக்செட் போடுகிறேன். எங்கள் பையன்கள் 'ஹவ்லிங்' என்பார்கள், ஊர்க்காரர்கள் 'மைக் ஊளை விடுது' என்பார்கள். இரண்டுக்கும் யாரும் அகராதி பார்த்ததில்லை. ஊளை என்று போடுங்கள் தம்பி.

கோவை கிட்டார்காரன் எழுதியது:

அண்ணே, உங்களுக்கு அது கோளாறு, எனக்கு அது வாசிப்பு. 1964லேயே பீட்டில்ஸ் ஒரு பாட்டை அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கினார்கள். ஹெண்ட்ரிக்ஸ் அதையே ஒரு வாத்தியமாக்கிவிட்டார். 'ஊளை அதிகமா?' என்று கேட்டால் இருபது பேரும் 'ஆமாம்' என்று எழுதிவிடுவார்கள்.

தஞ்சை ஆசிரியன் எழுதியது:

மரபுச்சொல் பாடத்துக்குப் போவோம். ஆந்தை அலறும், மயில் அகவும், நரி ஊளையிடும், யானை பிளிறும். கிட்டார் என்ன செய்யும்?

யாழ்ப்பாணத்திலிருந்து:

பிளிறட்டும்.

மதுரை இயற்பியல் எழுதியது:

பிளிறத் தொண்டை வேண்டும். இதில் இருப்பது ஒரு சுற்று. சொல்லில் அந்தச் சுற்று தெரியாவிட்டால் நாளைக்கு மாணவனுக்கு எப்படி விளக்குவது?

தஞ்சை ஆசிரியன் எழுதியது:

'எதிர்முழக்கம்'?

மதுரை இயற்பியல் எழுதியது:

அது ஏற்கெனவே ரிவெர்புக்கு, அதாவது கூடத்துச் சுவர்களில் பட்டு ஒலி நீடிப்பதற்கு, போய்விட்டது ஐயா, பாடநூலிலேயே இருக்கிறது. 'மீளொலி' என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், அது எதிரொலியோடு குழம்பும்.

விருதுநகர் மைக்செட் எழுதியது:

பிளிறல் பரவாயில்லை. எங்கள் ஊர்க் கோயில் யானை மைக் பக்கத்தில் வந்து பிளிறியபோது ஹார்ன் ஸ்பீக்கரில் கேட்ட சத்தம் கிட்டத்தட்ட இதேதான்.

கோவை கிட்டார்காரன் எழுதியது (சனி இரவு):

அச்சடித்துவிட்டேன். தலைப்பு 'கேட்டவர் கருத்து'. இரண்டாம் கேள்வியில் 'கலங்கல்', மூன்றில் 'கிட்டாரின் பிளிறல்'. மிக்ஸ் மிக்ஸாகவே இருக்கிறது, ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். 'இயைபொலி' போட்டால் அதற்கு ஒரு அடிக்குறிப்பு வேண்டும், தாளில் இடமில்லை.

தஞ்சை ஆசிரியன் எழுதியது:

இடமில்லையா, மனமில்லையா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'மிக்ஸ்' என்று முடிகிற சொல்லுக்கு நான்காம் வேற்றுமை உருபு சேர்க்க நீங்கள் ஒற்றை மேற்கோள் குறிக்குள் 'ஸு' போட வேண்டியிருக்கிறது பாருங்கள். அதுவே அந்தச் சொல் இங்கே ஒட்டவில்லை என்பதற்குச் சாட்சி.

கோவை கிட்டார்காரன் எழுதியது (ஞாயிறு இரவு):

பதினேழு தாள் திரும்பி வந்தது. 'கலங்கல்' எது என்று ஒருவரும் கேட்கவில்லை, பதினொரு பேர் ஆமாம் என்று எழுதியிருக்கிறார்கள். பிளிறலுக்குப் பெரும்பாலும் 'அளவு'. டிரம்மரின் அம்மா மட்டும் மூன்று கேள்வியையும் விட்டுவிட்டுக் கீழே எழுதியிருக்கிறார்: 'பாடறது யாருன்னே தெரியல.' நாளை குரலை இரண்டு டெசிபல் ஏற்றி, கிட்டாரில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்துப் பார்க்கிறேன்.

மதுரை இயற்பியல் எழுதியது:

நல்லது. ஆனால் அந்தம்மா செய்தது எதிர்ப் பின்னூட்டம். வெளியீடு உள்ளீட்டைக் கட்டுப்படுத்துகிறது. தலைப்பில் அந்தச் சொல்லை விட்டிருக்கலாம்.

விருதுநகர் மைக்செட் எழுதியது:

நீங்கள்தானே சார் எடுக்கச் சொன்னீர்கள்.