ஐசென்க்கின் மேற்கோள் எண்ணிக்கையை நம்பி ஆய்வேட்டில் சேர்க்கலாமா?

மீனா_ஆய்வு:
வணக்கம். மாரடைப்பு வந்தவர்களின் ஆளுமைப் பண்புகள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் அத்தியாயத்தில் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க்கிடம் வந்து மாட்டிக்கொண்டேன். 20ஆம் நூற்றாண்டின் உளவியலாளர்கள் பற்றி ஹாக்புளூம் குழு 2002இல் வெளியிட்ட கட்டுரையில், ஆய்விதழ் மேற்கோள்களை (மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் ஒருவரைச் சுட்டிய தடவைகளை) மட்டும் எண்ணினால் ஃபிராய்ட், பியாஜே, மூன்றாவது ஐசென்க். ஆனால் அவருடைய புற்றுநோய், இதயநோய்க் கட்டுரைகள் சில திரும்பப் பெறப்பட்டுவிட்டதாகவும் படித்தேன். என் வழிகாட்டி, "இத்தனை பேர் சைட் பண்ணியிருக்காங்க, தைரியமா போடு" என்கிறார். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் என்ன சொல்வது?

ரகு_புள்ளியியல்:
மொத்த எண்ணிக்கையை விடுங்கள், எச்-இண்டெக்ஸ் பாருங்கள். குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரை 20 இருந்தால் எச் 20. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் கொண்டுவந்த அளவு. ஒரே ஒரு கட்டுரையால் புகழ் வந்தவர்கள் இதில் வடிகட்டப்படுவார்கள்.

நூலகர்_செல்வி:
ரகு சார், அந்த அளவு இந்தக் கேள்விக்கு உதவாது. ஐசென்க் எழுதிக் குவித்தவர், எப்படி எண்ணினாலும் மேலேதான் நிற்பார். மீனா கேட்பது வேறு: அந்த மேற்கோள்கள் எதற்காக வந்தவை?

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்களோடுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஐசென்க்கின் பட்டியலை ஒரே மூட்டையாகப் பார்க்காதீர்கள். 1975இல் அவரும் சிபில் ஐசென்க்கும் வெளியிட்ட ஆளுமை வினாத்தாளைப் பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் அவரை மேற்கோள் காட்டித்தான் ஆக வேண்டும். உளவியலில் அளவுகோலுக்கும் ஆய்வு முறைக்கும்தான் மேற்கோள் கொட்டும். பிரௌன், கிளார்க் இருவரும் 2006இல் எழுதிய கருப்பொருள் பகுப்பாய்வு (பேட்டி போன்ற தரவுகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைப் பிரித்தெடுக்கும் முறை) பற்றிய கட்டுரையின் எண்ணிக்கையைக் கூகுள் ஸ்காலரில் பாருங்கள், லட்சத்தைத் தாண்டிவிட்டது.

உங்களுக்குச் சிக்கல், ஐசென்க் குரோசார்ட்-மாட்டிசெக் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து எழுதியவை. இன்னின்ன ஆளுமை இருந்தால் புற்றுநோய், இன்னொரு வகை இருந்தால் இதயநோய் என்று அந்தக் கட்டுரைகள் அடித்துச் சொல்லின. ஒரு சின்னத் துண்டறிக்கையைப் படிக்கக் கொடுத்ததாலேயே மரணங்கள் பெருமளவு குறைந்ததாகக்கூட எழுதினார்கள். புகையிலை நிறுவனங்களிடமிருந்து ஐசென்க்குப் பணம் வந்ததும் பிறகு வெளியே தெரிந்தது. மனநல மருத்துவர்கள் பெலோசியும் ஆப்பிள்பியும் 1992லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்த முடிவுகளைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். பெலோசி 2019இல் மறுபடி எழுதிய பிறகுதான் விவகாரம் நகர்ந்தது. அதே ஆண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரி விசாரித்து, ஐசென்க்கும் குரோசார்ட்-மாட்டிசெக்கும் சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகளை நம்பி எடுத்துக்கொள்ள முடியாது என்றது. 2020இல் ஆய்விதழ்கள் பத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்பப் பெற்றன. ஐசென்க் 1997லேயே இறந்துவிட்டார். முதல் எச்சரிக்கைக்கும் இதற்கும் இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம்! நோயாளிகள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இவ்வளவு காலம் விட்டுவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் அதன் மேற்கோள் எண்ணிக்கை குறையாது. அதைத் தப்பு என்று நிரூபிக்க எழுதுகிறவரும் அதை மேற்கோள் காட்டியாக வேண்டும், அதுவும் கூட்டலில் ஒன்றாகத்தான் சேரும். உங்கள் வழிகாட்டி சொன்ன "இத்தனை பேரில்" பெலோசியும் ஒருவர்.

மீனா_ஆய்வு:
ரொம்ப நன்றி மேடம். அப்படியென்றால் வினாத்தாளைப் பயன்படுத்தலாமா? அதையும் விட்டுவிட வேண்டுமா?

நூலகர்_செல்வி:
பயன்படுத்தலாம். கிங்ஸ் விசாரணை அந்தக் கூட்டுக் கட்டுரைகளைப் பற்றியது மட்டுமே. வினாத்தாளை எத்தனையோ நாடுகளில் மற்றவர்கள் தனியாகச் சோதித்திருக்கிறார்கள். உங்கள் நோயாளிகளிடம் அதன் நம்பகத்தன்மை எவ்வளவு வருகிறது என்பதை நீங்களும் கணக்கிட்டுக் காட்டிவிடுங்கள்.

ரகு_புள்ளியியல்:
மேடம் சொல்வது சரி, எச்-இண்டெக்ஸ் இதைப் பிடிக்காது. மீனா, ஜோடேரோ (கட்டுரைகளையும் துணைநூல் பட்டியலையும் தொகுத்துவைக்கும் மென்பொருள்) வைத்திருக்கிறீர்களா? திரும்பப் பெற்ற கட்டுரை உங்கள் தொகுப்பில் இருந்தால் மேலே சிவப்பில் எச்சரிக்கை காட்டும். வழிகாட்டியிடம் அந்தத் திரையையே காட்டுங்கள், வாதாட வேண்டியிருக்காது.

நூலகர்_செல்வி:
அதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். 26இல் சிலவற்றைத் திரும்பப் பெறாமல், சந்தேகம் இருக்கிறது என்று சொல்லும் கவலைக் குறிப்பு மட்டுமே போட்டிருக்கிறார்கள், சில இதழ்கள் அதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு கட்டுரையையும் அந்த இதழின் பக்கத்திலேயே திறந்து பார்த்துவிடுங்கள். அத்தியாயத்தில் இந்தக் கட்டுரைகளை மறைக்கவும் வேண்டாம். என்ன சொன்னார்கள், யார் மறுத்தார்கள், எந்த ஆண்டு திரும்பப் பெறப்பட்டது என்று ஒரு பத்தி எழுதுங்கள். துணைநூல் பட்டியலிலும் "திரும்பப் பெறப்பட்டது" என்று கட்டுரைப் பெயருக்குப் பக்கத்திலேயே வர வேண்டும்.