செவப்புத் தரையில நாய் மூத்திர வாடை போகவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வேலப்பாடி அக்கா:
வேலூர் வேலப்பாடியில எங்க தாத்தா கட்டின வீடு. கூடம் முழுக்க ரெட் ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரை, பளபளப்பு போய் அங்கங்க சொரசொரன்னு ஆயிடுச்சு. எங்க மணி நாட்டு நாய், ஆண், நாலு வயசு. இதுவரைக்கும் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விட்டதில்லை. இப்ப மூணு வாரமா பின்கதவு நிலைக்கால்கிட்ட, பீரோ காலடியில, நேத்து அம்மா படுக்கிற இலவம்பஞ்சு மெத்தையிலயும் போயிட்டான். தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறேன். ஒரு மணி நேரம் பினாயில் வாடை, அப்புறம் பழையபடிதான். ஈரத்துணி பட்டாலே இன்னும் தூக்குது. முந்தாநாள் ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தினேன், கண்ணு எரிஞ்சு, தொண்டை கம்மி, எல்லாரும் வெளிய ஓடி வந்துட்டோம். அம்மாவுக்கு வீசிங் வேற இருக்கு. நாயைக் கொண்டுபோய் விட்டுடுன்னு சொல்றாங்க. எனக்கு மனசு வரலை.

காட்பாடி:
அக்கா, முதல்ல அந்தப் ப்ளீச்சிங் பவுடரை எடுத்து வைங்க. மூத்திரத்துல உருவாகிற அமோனியாவோட குளோரின் சேர்ந்தா குளோரமின்னு ஒரு வாயு கிளம்பும். உங்களைப் பிடிச்சது அதுதான். அம்மாவுக்கு இன்னும் மூச்சு இழுத்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. பினாயிலையும் விட்டுடுங்க. அது வாடையை மூடுமே தவிர எடுக்காது. ஈரத்துல நடந்துட்டு நாய் பாதத்தை நக்கினா அதுக்கும் கெடுதல்.

ராணிப்பேட்டை:
எங்க வீட்டுலயும் இதே தரைதான், ரெண்டு வருஷம் போராடினேன். மெழுகு போன சிமெண்ட்ல மூத்திரம் துளைக்குள்ள இறங்கிடும். தண்ணி காய்ஞ்சாலும் யூரிக் அமிலம் படிகமா உள்ளயே நிக்கும், தண்ணியில லேசுல கரையாது. ஈரம் பட்டதும் வாடை எழும்பும். அதனாலதான் துடைச்சா அதிகமாகுது.

முதல்ல எங்கெங்கன்னு கண்டுபிடிங்க. ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சிட்டு, கள்ள நோட்டு பார்க்கிற யூவி டார்ச் அடிச்சா கறை மஞ்சளா மின்னும். நான் மூணு இடம்னு நினைச்சேன், ஒன்பது இருந்துச்சு. சாக்பீஸால வட்டம் போட்டு வச்சுக்கங்க. அப்புறம் வெறும் தண்ணியால ரெண்டு மூணு தடவை கழுவி பினாயிலைப் போக்கணும், அது மிச்சம் இருந்தா அடுத்தது வேலை செய்யாது. பெட் ஷாப்புல என்சைம் கிளீனர்னு கேளுங்க, வாடைக்குக் காரணமானதையே உடைக்கிற நொதி கலந்த திரவம் அது. தெளிக்கக் கூடாது, தரை குடிக்கிற அளவுக்கு ஊத்தணும். முக்கியமான விஷயம், நம்ம கத்திரி வெயிலுக்கு அது சீக்கிரமே காய்ஞ்சிடும். காய்ஞ்சா வேலை நின்னுடும். நான் அதுலயே நனைச்ச பழைய துண்டை மேல போட்டு, அரிசி மூட்டை பிளாஸ்டிக் கவரால மூடி, ஓரத்துல செங்கல் வச்சு ராத்திரி முழுக்க விட்டேன். ரெண்டு மூணு தடவை செஞ்சப்புறம்தான் அடங்குச்சு.

மெத்தையைக் கழுவாதீங்க. உறையைப் பிரிச்சு, நனைஞ்ச பஞ்சை மட்டும் கை நிறைய அள்ளித் தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தை மாடியில ரெண்டு நாள் காயப்போடுங்க.

குடியாத்தம்:
எலுமிச்சம்பழச் சாறும் வினிகரும் போட்டா போயிடுமே?

ராணிப்பேட்டை:
டைல்ஸ்ல சரி. சிமெண்ட், மொசைக், கடப்பாக் கல்லுல வேண்டாம்ங்க. புளிப்பு எதுவானாலும் மேல்பரப்பை அரிச்சிடும், அப்புறம் இன்னும் அதிகமா குடிக்கும்.

சத்துவாச்சாரி:
எல்லாரும் தரையைப் பத்தியே பேசுறீங்க. நாலு வருஷம் சுத்தமா இருந்த நாய் திடீர்னு ஏன் மாறுச்சு? அக்கா, ஒரே தடவையா நிறைய விடுறானா, கொஞ்சம் கொஞ்சமாவா? தண்ணி அதிகமா குடிக்கிறானா?

வேலப்பாடி அக்கா:
கொஞ்சம் கொஞ்சமாதான். இப்ப நீங்க கேட்டப்புறம்தான் யோசிக்கிறேன், கால் தூக்கி ரொம்ப நேரம் நிக்கிறான், முக்குறான்.

சத்துவாச்சாரி:
அப்ப இது அடமும் இல்ல, வளர்ப்புக் குறையும் இல்ல. நாளைக்குக் காலையிலயே கால்நடை மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. முக்கியும் ஒரு சொட்டுகூட வரலைன்னா காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆண் நாய்க்குக் குழாயில கல் அடைச்சா உயிருக்கே ஆபத்து. முடிஞ்சா மூத்திரம் கொஞ்சம் பிடிச்சு எடுத்துட்டுப் போங்க.

வேலப்பாடி அக்கா:
பத்து நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். வெந்நீர்ல கழுவின குழிக்கரண்டியை நீட்டிப் பிடிச்சேன். கரண்டியில பார்த்தா லேசா சிவந்திருந்துச்சு, கை நடுங்கிடுச்சு. மூத்திரப்பையில தொற்றுன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. அஞ்சாம் நாள்ல இருந்து வெளியதான் போறான். மூணு வாரமா வலியோட இருந்தவனை நான் அதட்டினேனேன்னுதான் தாங்கலை.

தரையில பதினோரு வட்டம், மூடி வச்சதுல ஒன்பது சரியாயிடுச்சு. பீரோவுக்கு அடியில இருக்கிற ரெண்டை இன்னொரு தடவை மூடி வச்சிருக்கேன். நிலைக்கால் மரத்துல மட்டும் இன்னும் வாடை இருக்கு.

ராணிப்பேட்டை:
மரத்துலயும் என்சைம் தடவி, துணி சுத்தி வைங்க. நல்லாக் காஞ்சப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சிடுங்க. வாடை இருக்கும்போது அடிக்காதீங்க, உள்ளயே அடைபட்டுடும்.