பொருள்: மறு: 'உள்ளங்கை, உள்ளங்கால் காந்தல்' என்ற பெயர் ஏன் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை குன்னூரில் அச்சுக்குப் போகிறது. உடலுக்குள் 5-ஃபுளூரோயுராசிலாக மாறிப் புற்றுநோயைத் தாக்கும் கேபசிட்டபைன் மாத்திரையால் கையிலும் காலிலும் வரும் தோல் பாதிப்புக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. பலரும் 'கை-பாத நோய்க்குறித்தொகுப்பு' போதும் என்று ஓய்ந்துவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நோயாளிகள் படிக்கும் தாளின் தலைப்பில் 'உள்ளங்கை, உள்ளங்கால் காந்தல்' என்றே இருக்க வேண்டும் என்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் அம்மா ஒருவரைச் சென்ற வாரம் பார்த்தேன். 14 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி என்ற முறையில் இரண்டாம் சுற்றிலேயே உள்ளங்கை சிவந்து, விரல் நுனித் தோல் வெங்காயச் சருகாக உரிந்திருந்தது. ரேஷன் கடைக் கருவியில் ரேகை விழவில்லை. பனிவெடிப்பு என்றெண்ணி இரவுதோறும் வெந்நீரில் கையை ஊறவைத்திருக்கிறார். இதற்குச் சூடு ஆகவே ஆகாது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மிளகாய் அரிஞ்ச கை மாதிரி காந்துதுங்க" என்றார்.

உள்ளங்கை சிவப்பதை வைத்துப் புலவர் ஐயா 'அங்கைச் செம்மை' என்கிறார். அகம், கை இரண்டும் சேர்ந்து 'அங்கை' ஆவதை நன்னூலே காட்டியிருக்க, 'உள்ளங்கை' என்பது கூறியது கூறல் என்பது அவர் வாதம். அப்படியானால் உள்ளங்காலில் 'அங்கால்' எங்கிருந்து வந்தது? புளியங்காயில் இரு சொல்லையும் இணைக்க இடையில் வரும் 'அம்' சாரியையே உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் வந்திருக்கிறது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மேலும், 'செம்மை' என்றதும் படிப்பவர் மனம் ஒழுங்கையும் நேர்மையையும் அல்லவா நினைக்கும்?

சங்கப் பாடல்கள் மகளிர் விரலுக்கு உவமை சொன்ன காந்தள் பூவை வைத்துக் 'காந்தட்கை' என்று ஒருவர் முன்மொழிந்தார். அழகான சொல்தான், ஆனால் தோலுரிந்த கைக்குச் சூட்டத் தக்கதன்று. உதகையில் காந்தல் என்றே ஒரு பகுதி இருப்பதால் குழப்பம் வரும் என்ற அச்சமும் வேண்டாம். உள்ளங்கை என்ற சொல் முன்னே நிற்கும்போது யாரும் ஊரை நினைக்கமாட்டார்கள்.

'காந்தல்' தோலுரிவதைச் சொல்லவில்லையே என்ற மறுப்புதான் வலுவானது. ஆனால் உரியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்தத் துண்டறிக்கை? காந்தத் தொடங்கும்போதே சொல்லிவிட்டால், மருத்துவர் மாத்திரையைச் சில நாள் நிறுத்திவைக்கவோ அளவைக் குறைக்கவோ முடியும். அந்த அம்மா தம் வாயால் சொன்ன சொல் தலைப்பில் இருந்திருந்தால், காந்தத் தொடங்கிய முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்.

'கை-பாத நோய்க்குறித்தொகுப்பு' என்ற உங்கள் தொடரை மருத்துவர்களுக்கான அடிக்குறிப்பில் வைத்துக்கொள்ளலாம். தலைப்பை மாற்ற வியாழன் மாலை வரை நேரம் இருக்கிறது.