குடை பறந்த ஊரில் பள்ளிக்கூடம்

போன அக்டோபரில் நாங்கள் பன்னிரண்டு ஆசிரியர்கள் பத்து நாள் கல்விப் பயணமாக டென்மார்க் போய்வந்தோம். பில்லுண்ட் விமான நிலையத்துக்கு வெளியே வந்த ஐந்தாவது நிமிடமே என் குடை திருப்பிக்கொண்டது. கம்பி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். சுற்றிப் பார்த்தால் வேறு யார் கையிலும் குடை இல்லை. மழை மேலிருந்து விழுந்தால்தானே குடை? டென்மார்க்கின் பெருநிலப் பகுதியான இந்த யூட்லாந்தில் அது பக்கவாட்டில் வருகிறது.

முதலில் போனது ஒரு சிறிய ஊரின் அரசுப் பள்ளி. ‘ஃபோல்க்கஸ்கோலே’ என்கிறார்கள். பூஜ்யம் வகுப்பில் தொடங்கி ஒன்பது வரை. பத்தாவது விருப்பம் இருந்தால் மட்டும். உள்ளே நுழைந்ததும் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் மழைக்கால்சட்டை, மழைச்சட்டை, கீழே பூட்ஸ். வகுப்புக்குள் பிள்ளைகள் காலுறையோடு நடமாடுகிறார்கள். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ‘சார்’ இல்லை, ‘மிஸ்’ இல்லை. எங்களோடு வந்த தலைமையாசிரியர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

நான்காம் வகுப்பு. மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்துவார்கள் என்று நினைத்தேன். ஆசிரியை எல்லாரையும் வெளியே கிளப்பினார். மைதானத்தின் ஓரத்தில் தீ மூட்டி, ஆளுக்கொரு குச்சியும் கத்தியும் கொடுத்தார். பொம்மைக் கத்தி இல்லை, நல்ல கூர்மை. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. “விதி இரண்டுதான். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கத்தி உடம்பை விட்டு வெளியே போக வேண்டும்” என்றார். சீவிய குச்சியில் மாவைச் சுற்றித் தீயில் வாட்டினார்கள். அந்த ஊரில் சைவக்காரியான நான் வயிறாரச் சாப்பிட்டது அந்தக் குச்சி ரொட்டியைத்தான். மதியத்துக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருவது கருப்பு ரொட்டி, மேலே ஈரல் பசை. ரொட்டி ‘ரை’ என்கிற தானியத்தில் செய்தது. கையில் எடுத்தால் செங்கல் கனம்.

எல்லாம் ஆகா ஓகோ என்று சொல்ல மாட்டேன். சில வகுப்புகளில் இரைச்சல் தாங்க முடியவில்லை. ஆறாம் வகுப்பில் பார்த்த கணக்கு நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தப்பாகப் போட்ட பையன் கரும்பலகை முன்னால் கூனிக் குறுகி நிற்கவில்லை, “இன்னொரு தடவை” என்று துணியை எடுத்துத் துடைத்தான். அந்தத் துணியை எடுத்த வேகம்தான் எனக்கு மறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்கோவ். அங்கே இருப்பது மக்கள் கல்லூரி, அதாவது பரீட்சையே இல்லாமல் பெரியவர்கள் தங்கிப் படிக்கிற இடம். குருண்ட்விக் என்ற பாதிரியாரின் யோசனை அது. முதல் கல்லூரி 1844இல் ரோடிங்கில் தொடங்கியது. ஆஸ்கோவில் பௌல் லா கூர் என்ற ஆசிரியர் 1891இல் காற்றாலை கட்டி மின்சாரம் எடுத்திருக்கிறார். காற்று நின்றால் என்ன செய்வது? மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வந்த ஹைட்ரஜனைச் சேமித்து, அதிலேயே பள்ளியில் விளக்கு எரித்தார். ஏழு வருஷம் எரிந்ததாம். நடுநடுவே வாயு வெடித்து ஜன்னல் கண்ணாடிகளும் போயினவாம். அவரிடம் படித்த யோஹன்னஸ் யூல்தான் பிற்பாடு 1957இல் கெட்சரில் மூன்று இறக்கைக் காற்றாலையை நிறுத்தினார். ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற அதே உருவம். கண்ணாடி உடைந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

கடைசி இரண்டு நாள் வடமேற்குக் கடற்கரை. ரூபியர்க் குனூட கலங்கரை விளக்கம், 1900 டிசம்பரில் ஏற்றியது. கடல் கரையைத் தின்ன, காற்று மணலைக் கொண்டுவந்து கொட்ட, மேடு உயர்ந்து கப்பல்களுக்கு வெளிச்சமே தெரியாமல் போய் 1968இல் அணைத்துவிட்டார்கள். 2019இல் விழுகிற நிலை. உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் முன்னால் நிற்க, சுமார் 720 டன் கோபுரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றி எழுபது மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். நான் பொறையார் பக்கத்துக்காரி. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கட்டிய கோட்டையும், அதன் பக்கத்தில் கடல் பாதி தின்ற மாசிலாமணிநாதர் கோயிலும் பார்த்து வளர்ந்தவள். அதனால் அந்தத் தண்டவாளக் கதையைக் கொஞ்சம் பொறாமையோடுதான் கேட்டேன்.

அங்கே ஒரு பள்ளிக் கூட்டம் வந்திருந்தது. பிள்ளைகள் மணல்மேட்டின் உச்சியிலிருந்து உருண்டு இறங்குகிறார்கள். காற்றில் நிற்கவே முடியவில்லை, கன்னத்தில் மணல் ஊசியாகக் குத்துகிறது. ஆசிரியர் கீழே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் என்னை அறியாமல், “ஏய், பாத்துடா!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். ஒரு பையன் நின்று என்னைப் பார்த்தான். ஆசிரியரிடம் போய் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று விசாரித்தேன். “அந்த அம்மாவுக்கு யாராவது உதவ வேண்டுமா என்று கேட்கிறான்” என்றார்.

* * *

அம்மா, உங்கட டென்மார்க் பயணக் கதை வாசித்துச் சிரித்தேன். நான் டென்மார்க்கில் ஹெர்னிங் பக்கம் இருக்கிறவன், 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். மகளின் பள்ளிக்கூடத்தில் முதல் பெற்றோர் சந்திப்புக்குப் போய், “வகுப்பில் பிள்ளை எத்தனையாம் பிள்ளை?” என்று கேட்டேன். ரீச்சருக்கு விளங்கவில்லை. “அவள் சந்தோஷமாக இருக்கிறாள், இரண்டு நல்ல சிநேகிதிகள் இருக்கினம்” என்றார். நான் விடவில்லை, திரும்பவும் கேட்டேன். எட்டாம் வகுப்புக்கு முன்னம் இங்கே புள்ளி போடுவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரை வீட்டில் நானே பரீட்சை வைத்தேன். அதை மகள் இப்பவும் சொல்லிக் காட்டுவாள்.

இப்ப பேரன் ஒன்பது முடித்து ஒரு வருஷம் ‘எஃப்டர்ஸ்கோலே’ போய்வந்தான், அந்த வயதுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். பதினாறு வயதில் வீட்டை விட்டு அனுப்புவதா என்று மனுசி அழுதாள். போனவன் முறை வைத்து நூறு பேருக்குச் சமைத்திருக்கிறான். இந்த வருஷம் கோயில் திருவிழாவில் அண்டா கழுவ முதலில் போய் நின்றது அவன்தான்.

* * *

நானும் உங்கள் கதையைப் படித்தேன். டென்மார்க்கின் ஆல்போர்க்கில் முதுகலை படித்தவன். பள்ளிக்கூடம் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, காற்றைப் பற்றி மட்டும். நவம்பரில் நான்கு பேர் நாட்டின் வடகோடி ஊரான ஸ்காகன் போனோம். முனையில் ஸ்காகராக், காட்டகாட் என்ற இரண்டு கடல்களும் அலைக்கு அலை மோதுவது கண்ணுக்கே தெரியும். ஒரு கடலில் ஒரு கால், மறு கடலில் மறு கால் வைத்துப் படம் எடுப்பது வழக்கம், நாங்களும் எடுத்தோம். குளிக்கத் தடை, நீரோட்டம் அப்படி. கொஞ்ச தூரத்தில் மணல் மூடிய தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் மண்வெட்டியோடு வந்து, வாசலைத் தோண்டி எடுத்துத்தான் பூசைக்குப் போவார்களாம். கடைசியில் 1795இல் கைவிட்டுவிட்டார்கள். இப்போது வெள்ளைக் கோபுரம் மட்டும் நிற்கிறது.

அக்கா, குடையோடு தொப்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஸ்வீடன் பக்கம் போனது.