மருந்து இடாத மீன் கருக்களிலும் வாலசைவு மாறுகிறது, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பூச்சிக்கொல்லிகள் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கின்றனவா என்று வரிக்குதிரை மீனின் கருக்களில் சோதித்து வருகிறேன். கருவுற்று ஏறத்தாழ 17 மணி நேரத்தில், முட்டைக்குள் இருக்கும்போதே கரு தானாக வாலைச் சுருட்டத் தொடங்கிவிடும். மூளையின் கட்டளைகூட வேண்டாம். தண்டுவட நரம்புகளே அதை இயக்குகின்றன. முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்த அன்று வெகுநேரம் கண்ணை எடுக்கவே முடியவில்லை.

24 மணி நேரக் கருக்களைப் படம்பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை சுருட்டல் என்று எண்ணுகிறேன். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இட்டவற்றை விடுங்கள், மருந்தே இடாத கருக்களில்கூட, அவற்றை வைத்துப் படம்பிடிக்கும் முதல் தட்டின் எண்ணிக்கையும் கடைசித் தட்டின் எண்ணிக்கையும் ஒத்துவருவதில்லை. இப்படி இருந்தால் நஞ்சின் விளைவு எது, இயல்பான ஏற்ற இறக்கம் எது என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இரண்டு சந்தேகங்கள். அடைகாப்புப் பெட்டியில் 28.5 டிகிரி; படம்பிடிக்கும் அறையோ குளிரூட்டப்பட்டது; இந்த வெப்ப வேறுபாடுதான் காரணமோ? தவிர, இந்த அசைவு 19 மணி நேரத்தில் உச்சம் தொட்டுப் பிறகு குறைந்துகொண்டே வரும் என்பதால், முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் இடையே செலவாகும் ஒன்றரை மணி நேரமே கணக்கைக் கெடுக்கிறதோ?

இதைச் செய்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: நுண்ணோக்கி மேடையைச் சூடாக வைத்திருக்க எளிய, செலவு குறைந்த வழி உண்டா? தட்டை வைத்தபின் எத்தனை நிமிடம் கழித்துப் பதிவைத் தொடங்குகிறீர்கள்? வெளிச்சம் பட்டாலும் கருவின் அசைவு மாறுமே, அகச்சிவப்பு விளக்குக்கு மாறுவது அவசியமா? அடுத்த முட்டைத் தொகுதி வியாழக்கிழமை கிடைக்கும். அதற்குள் உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.