மத்த டிபார்ட்மெண்ட் ஆளுங்களை கிளஸ்டர் பக்கம் கொண்டு வர்றது எப்படி?

நீலமலை77 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு யுனிவர்சிட்டி கணினி மையத்துல வேலை பாக்குறேன். எங்ககிட்ட ஒரு கிளஸ்டர் இருக்கு, அதாவது பல கம்ப்யூட்டர (ஒவ்வொன்னும் ஒரு நோடு) ஒன்னா இணைச்சு பெரிய கணக்கெல்லாம் ஓட்டற அமைப்பு, மொத்தம் 640 கோர். யாரோட வேலை எப்ப எந்த நோடுல ஓடணும்னு வரிசைப்படுத்த ஸ்லர்ம்ங்கற சாஃப்ட்வேர் போட்டிருக்கு. மூணு வருஷமா இயற்பியல், வேதியியல் ரெண்டு துறையில இருந்து நாலு லேப் மட்டும்தான் யூஸ் பண்றாங்க, ராத்திரில பாதி நோடு சும்மா நிக்குது. அதே கேம்பஸ்ல வேளாண்மை துறைல ஒரு பிஎச்டி பொண்ணு நெல் விளைச்சல கணிக்க டிஎஸ்எஸ்ஏடிங்கற பயிர் மாடல் சாஃப்ட்வேர் ஓட்டுது. 38 மாவட்டம், 30 வருஷ வானிலை, ஒவ்வொன்னுக்கும் 10 விதைப்பு தேதி, மொத்தம் 11,400 ரன். ஒன்னுக்கு ரெண்டு நிமிஷம்னு வச்சா 380 மணி நேரம், அதாவது லேப்டாப் பதினாறு நாள் நிக்காம ஓடணும். அந்தப் பொண்ணு கஷ்டப்படறத பாத்து மனசு கேக்கல.

ரெண்டு வொர்க்‌ஷாப் நடத்திட்டேன். காலையில லினக்ஸ் கமாண்ட், மதியம் எம்பிஐ (ஒரே கணக்க பல கோர் ஒன்னோடொன்னு பேசிக்கிட்டு சேர்ந்து செய்ய வைக்கற முறை), சாயங்காலம் ஜாப் ஸ்கிரிப்ட் (கிளஸ்டர்கிட்ட வேலைய ஒப்படைக்க எழுதற ஃபைல்). 40 பேர் வந்தாங்க, மூணு பேர் அக்கவுண்ட் வாங்கினாங்க, ரெண்டாவது தடவை லாகின் பண்ணது யாரும் இல்ல. எங்க தப்பு பண்றேன்?

தூரதேசம் எழுதியது:

சார், நான் அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டில இதே வேலைதான் பாக்குறேன், பத்து வருஷமாச்சு. இங்க இதுக்குன்னே ஃபெசிலிட்டேட்டர்னு ஆள் வச்சிருக்காங்க, சர்வர் பாத்துக்கறது வேற ஆளு, ஆராய்ச்சி பண்றவங்களோட உக்காந்து பேசறது வேற ஆளு.

முதல்ல எம்பிஐய தூக்கிடுங்க. அந்தப் பொண்ணுக்கு அது தேவையே இல்ல, ஏன்னா 11,400 ரன்னும் ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாதது, தஞ்சாவூர் ரன் ஓடறதுக்கு தர்மபுரி ரன் முடியணும்னு இல்லையே. இந்த மாதிரி வேலைக்குன்னே பிறந்ததுதான் கண்டர்ங்கற சாஃப்ட்வேர், 1988ல விஸ்கான்சின் மேடிசன்ல மிரான் லிவ்னி குழு ஆரம்பிச்சது, இப்ப எச்டிகண்டர்னு பேரு. ஆளில்லாம சும்மா கிடக்கற கம்ப்யூட்டர்ல மத்தவங்க வேலைய ஓட்டலாமேங்கறதுதான் ஆரம்ப யோசனை. ஒரு செகண்டுக்கு எவ்வளவு வேகம்னு அவங்க பாக்கல, ஒரு மாசத்துல, ஒரு வருஷத்துல எவ்வளவு வேலை முடியுதுன்னு பாத்தாங்க. அப்புறம் 2005ல ஓபன் சயின்ஸ் கிரிட்ங்கற கூட்டமைப்பு வந்து பல யுனிவர்சிட்டிங்க மிச்சம் இருக்கற கம்ப்யூட்டர் நேரத்த பகிர்ந்துக்க ஆரம்பிச்சாங்க, துகள் இயற்பியலுக்காக கட்டினதுல இன்னைக்கு உயிரியல்காரங்களும் ஓட்டறாங்க.

என் அனுபவத்துல வொர்க்‌ஷாப் ரெண்டாவது படிதான். முதல் சந்திப்புல கமாண்ட் அடிக்கற டெர்மினலையே திறக்க மாட்டேன். அவங்க லேப்ல போய் உக்காந்து, இப்ப எப்படி செய்றீங்க காட்டுங்கன்னு கேப்பேன். என்ன ஃபைல் உள்ள போகுது, என்ன வெளிய வருது, ஒரு ரன்னுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு மெமரி, இவ்வளவுதான். கிளஸ்டர்ல முதல் நாள் ஒரே ஒரு ரன், அடுத்து பத்து, அதுக்கப்புறம்தான் முழுசு. அந்த ஒரு ரன்ன அவங்க கையாலயே சப்மிட் பண்ண வைங்க, நீங்க கீபோர்ட தொடாதீங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல.

ஏடும்எழுத்தும் எழுதியது:

நான் தமிழ்த்துறை. மறுபக்கத்துல இருந்து சொல்றேன். பழைய பத்திரிகை ஸ்கேன் பக்கங்களை டெசராக்ட்ல போட்டு எழுத்தா மாத்தற வேலை, ஆயிரக்கணக்குல பக்கம். எங்க ஊர்ல ஒரு கிளஸ்டர்ல அக்கவுண்ட் வாங்கி, உள்ள போனதும் அங்கயே ஓட்ட ஆரம்பிச்சிட்டேன். அது லாகின் நோட், எல்லாரும் உள்ள நுழையற பொது வாசல் மாதிரி, அங்க ஓட்டக்கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லல. அரை மணில கடுமையா ஒரு மெயில், உங்களால எல்லாருக்கும் ஸ்லோ ஆகுதுன்னு. அவமானமா போச்சு, ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகல. எங்களுக்கு லினக்ஸ் வராதுன்னு நினைக்கறீங்க, உண்மையில பயம் என்னன்னா தெரியாம எதையாவது செஞ்சு அடுத்தவங்க வேலைய கெடுத்துருவோமோங்கறதுதான். எதெல்லாம் செஞ்சாலும் ஒன்னும் உடையாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க.

இன்னொன்னு, என் ஃபைல் பேரெல்லாம் நடுவுல இடைவெளியோட இருக்கும், அதனால மட்டுமே ஸ்கிரிப்ட் நாலு தடவை நின்னுச்சு. அதை சரி பண்ணிக் கொடுத்த ஜூனியர் தம்பியாலதான் நான் திரும்பி வந்தேன்.

கியூக்காரன் எழுதியது:

டெக்னிக்கலா சின்ன விஷயம். 11,400 ஜாப் தனித்தனியா போடாதீங்க, ரெண்டு நிமிஷ ஜாப் ஸ்லர்முக்கு வீண் சுமை, ஒரே மாதிரி ஜாப்ப மொத்தமா ஒரே தடவைல போடற ஜாப் அர்ரேக்கு வரம்பும் டிஃபால்ட்டா 1001தான். மாவட்டம் 38, விதைப்பு தேதி 10, பெருக்கினா 380 ஜாப், ஒவ்வொன்னுலயும் 30 வருஷம் வரிசையா ஓடட்டும், ஒரு மணி நேரம் வரும். ஒரே நேரத்துல 100தான்னு கட்டுப்படுத்தினா கூட நாலு மணில முடிஞ்சிரும், இயற்பியல்காரங்களுக்கும் இடைஞ்சல் இல்ல. முக்கியமா ஒவ்வொரு ஜாப்புக்கும் தனி ஃபோல்டர் வேணும், டிஎஸ்எஸ்ஏடி ஓடற ஃபோல்டர்லயே சம்மரி ஃபைல எழுதும், எல்லாம் ஒரே இடத்துல ஓடினா ஒன்னு மேல ஒன்னு எழுதிரும். விண்டோஸ்ல மவுஸ்ல சொடுக்கற முகப்பு இங்க வராது, ஆனா உள்ள இருக்கற ஃபோர்ட்ரான் மாடல் சோர்ஸ் வெளிப்படையா கிடைக்குது, லினக்ஸ்ல கம்பைல் ஆகும், அதாவது அங்க ஓடற புரோகிராமா மாத்திக்கலாம். அதை நீங்க பண்ணிக் கொடுங்க, அந்தப் பொண்ணு பண்ண வேண்டிய வேலை இல்ல அது.

பின்னாடி வேலை பெருசானா திருச்சி என்ஐடில பரம் பொருள்ங்கற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கு, 2022 மே மாசம் திறந்தது, வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது செகண்டுக்கு 838 லட்சம் கோடி கணக்கு. வெளி ஆளுங்களுக்கு நேரம் கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்க.

நீலமலை77 எழுதியது:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஏடும்எழுத்தும் மேடம், நீங்க சொன்னத படிச்சிட்டு எங்க வரவேற்பு மெயில எடுத்து பாத்தேன், பதினோரு வரில ஒன்பது வரி செய்யக்கூடாதது. முழுசா மாத்தி எழுதிட்டேன்.

நேத்து அந்தப் பொண்ணோட லேப்ல ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். கம்பைல் நான் பண்ணேன், சப்மிட் அவங்களே பண்ணாங்க, பத்து ரன்னும் ஓடிருச்சு. நான் சந்தோஷப்பட்டு எந்திரிக்கப் போனா, இருங்க சார்னு லேப்டாப் ரிசல்ட்ட பக்கத்துல வச்சு ஒவ்வொன்னா ஒப்பிட்டாங்க. எட்டு அப்படியே பொருந்துது, ரெண்டுல விளைச்சல் ஹெக்டேருக்கு சில கிலோ வித்தியாசம். பாத்தா நான் காப்பி பண்ண மண் ஃபைல் பழைய வெர்ஷன். நான் வேகத்தை மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன், அவங்களுக்கு முதல் கேள்வியே நம்பர் சரியாங்கறது. ஃபைல மாத்தி பத்தும் பொருந்தினதும்தான் முகத்துல சிரிப்பு வந்துச்சு. நாளைக்கு சாயங்காலம் 380ம் போடறோம், கைடும் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார்.